பொதிகைக்கு ஒரு குடவோலை

கழக்கூட்டத்தில் இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில், டெக்னோபார்க்கில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் படிக்கட்டுச் சன்னலில் இருந்து கிழக்கே பார்த்தால் நீலமாக ஒரு மலைவரிசை தெரியும். நடுவில் ஒரு முனை மட்டும் தனியாக எழுந்து நிற்கும். மலையாளிகள் அதை அகஸ்தியர்கூடம் என்பார்கள். நான் பிறந்த விக்கிரமசிங்கபுரத்தில் தெருமுனைக்கு வந்து மேற்கே பார்த்தால் தெரிவதும் இதே மலைதான். அங்கே அதன் பெயர் பொதிகை. பன்னிரண்டு ஆண்டுகளாக அதன் முதுகுப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். முகம் எது, முதுகு எது என்பது அவரவர் பிறந்த ஊரைப் பொறுத்தது.

1,868 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சிக்கு ஏறக் கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆண்டுக்கு ஒரு பருவம்தான். மகரவிளக்கு முடிந்ததும் தொடங்கி சிவராத்திரியை ஒட்டி முடியும். 2025-இல் ஜனவரி 20 முதல் பிப்ரவரி 22 வரை, நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல் இல்லை என்ற கணக்கு. முப்பத்து நான்கு நாளுக்கு மொத்தம் 3,400 இடம். சூழல் பராமரிப்புக் கட்டணம் 500 ரூபாயையும் சேர்த்து ஆளுக்கு 2,700 ரூபாய். ஏழு நாளுக்குள் வாங்கிய மருத்துவச் சான்றிதழும் அடையாள அட்டையும் வேண்டும். பூஜைப் பொருட்கள், பிளாஸ்டிக், மது, புகையிலை எதுவும் கொண்டுபோகக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்றைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். நூறு என்பதை எழுபதாகக் குறைத்தாலும் ஏற்றுக்கொள்வேன். நான் கேட்பது அந்த நூறு பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றித்தான்.

முறை எளிது. அறிவித்த நாளில், அறிவித்த நேரத்தில் இணையத்தில் முன்பதிவு திறக்கும். முந்தியவருக்கு இடம், பிந்தியவருக்கு அடுத்த ஆண்டு. 2025 ஜனவரியில் முன்பதிவு திறந்த அன்று எங்கள் தளத்தில் நாலைந்து பேர் அரை மணி நேரம் முன்பே தயாராக உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு இரண்டு திரை, கம்பிவழி இணையம். பெயர், வயது, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வைத்து, அப்படியே எடுத்து ஒட்ட வேண்டியதுதான். வலைப்பக்கம் எப்படி இயங்கும், எந்த நொடியில் புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குச் சோறு போடும் தொழில். எனக்கு இடம் கிடைத்தது.

அதே நேரம் விக்கிரமசிங்கபுரத்தில் என் தாய்மாமா ஒரு பிரவுசிங் சென்டரில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வயதில் இருந்து அகத்தியர் மலைக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். அவருடைய விவரங்களை முன்கூட்டியே கேட்டு வாங்கி என் விண்ணப்பத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. அலுவலக நண்பர்களோடு போகும் நினைப்பிலேயே இருந்துவிட்டேன். அவருடைய முறை வருவதற்குள் எங்கள் தேதி நிரம்பிவிட்டது. சாயங்காலம் போன் செய்தார்.

"கெடைச்சிட்டால மருமவனே?"

"கெடைச்சிட்டு மாமா."

"நல்லது. அங்கன இருக்கவனுக்குக் கெடைச்சா சரிதான்."

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வார்த்தை இறங்க மறுத்தது. எனக்குக் கிடைத்தது நான் கேரளத்தில் இருப்பதால் இல்லை. விண்ணப்பத்தில் எந்த மாநிலத்தான் என்று பார்த்து யாரையும் ஒதுக்குவதில்லை. எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. நாற்பது ஆண்டு ஆசையும் நாற்பது நொடி கைவேகமும் ஒரே வரிசையில் நின்றால் கைவேகம்தான் ஜெயிக்கும். மலை ஏறுவதற்கும் விசைப்பலகையில் விரல் ஓடுவதற்கும் என்ன உறவு?

முதலில் ஊருக்கு ஊர் இருக்கிற ஒரு ஆத்திரத்தைப் பேசிவிட வேண்டும். "நம்ம மலைக்குப் போக அவன்கிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று அம்பாசமுத்திரம் பக்கம் டீக்கடையில் யாரும் கேட்பார்கள். தாமிரபரணி அந்த மலையில்தான் பிறக்கிறது. தமிழுக்கு இலக்கணம் தந்ததாக நம்பப்படும் முனிவரின் இருப்பிடம் அது. தூர்தர்ஷன் தமிழ் ஒளிபரப்புக்கும் செங்கோட்டை ரயிலுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்தோம். எல்லாம் உண்மை. ஆனால் பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கண்ணிகட்டி என்று நம் பக்கமாக ஏறிய பழைய பாதையை மூடியது கேரளம் இல்லை. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உட்காடு. 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காடு நிற்பதால்தான் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. அந்தப் பாதை மூடியே இருக்கட்டும் என்று சொல்பவன் நான். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை நாற்பது மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்தபோது பொதிகை உச்சி அதில் இல்லை. அது சரியான முடிவு என்றே நினைத்தேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் 23 உயிர் போனதை மறந்துவிட்டு, அனுமதி எதற்கு, எண்ணிக்கை எதற்கு என்று இனி யாரும் பேச முடியாது.

ஆகவே இன்று அந்த உச்சிக்கு இருக்கும் வாசல் விதுரைக்கு மேலே இருக்கும் போணக்காடு மட்டும்தான். இரண்டு மாநிலத்து ஆசைக்கும் ஒரே வாசல். அதனால் அந்த 3,400 இடத்தைப் பங்கிடுவது வெறும் டிக்கெட் விற்பனை ஆகாது.

யார் ஏறலாம் என்ற கேள்வி அந்த மலைக்குப் புதிதில்லை. 1855-இல் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் பிரௌன் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளந்தார். 1987-இல் தாவர ஆய்வாளர்கள் ஏறினார்கள். களைத்துப்போன அவர்களுக்கு, வழிகாட்டிகளாகக் கூடவந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்னக் கொடுத்தார்கள். களைப்பு போனது. அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதில் இருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிக்காரர்களின் அறக்கட்டளைக்குத் தர ஒப்புக்கொண்டது. காட்டு மக்களின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமெங்கும் அதைப் பாடமாகச் சொல்கிறார்கள். நடைமுறையில் அதில் குறைகள் இருந்தன என்று பேசுபவர்களும் உண்டு. ஆனாலும் பங்கீடு என்ற சொல் அந்த மலையில் ஏற்கெனவே ஒலித்துவிட்டது.

பெண்கள் விஷயத்தில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். அதிருமலை முகாமுக்கு மேலே அவர்களை விடவில்லை. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் ஆண், பெண் என்று பிரித்து மறுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரி 14 அன்று பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பு அதிகாரி தன்யா சனல் நடக்கத் தொடங்கி, மறுநாள் உச்சியில் நின்றார். காணிக்காரர்கள் போணக்காட்டில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வழியை மறிக்கவில்லை. அனுமதி விதி கல்லில் வெட்டியது இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கல்லில் வெட்டிய ஒரு விதி நமக்கு வேறிடத்தில் இருக்கிறது. உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறித்தது. முப்பது குடும்புகளில் இருந்தும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். சபை நிறைந்திருக்கும்போது, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கிறாரோ என்ற ஐயம்கூட எழக்கூடாதென்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பு யோசித்திருக்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது என்றும் விதி. நிலமும் வீடும் வேதமும் உள்ளவர்களுக்குள் மட்டும் நடந்த தேர்வு அது. ஊர்க்கோடியில் இருந்தவனுக்கு அதில் இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஒரே தகுதியுள்ள பலர் ஒரே இடத்துக்கு நிற்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இன்னும் பழையதாகவில்லை.

கேரளத்துக்கும் குலுக்கல் அந்நியமில்லை. சபரிமலை மேல்சாந்தியை ஆண்டுதோறும் துலா மாதம் முதல் நாள் சன்னிதானத்தில் சீட்டுக் குலுக்கித்தான் தேர்வு செய்கிறார்கள். பந்தளம் அரண்மனைக் குழந்தை கையால் சீட்டு எடுப்பார்கள். ஹஜ் பயணத்துக்கு இடத்தைவிட விண்ணப்பம் கூடும்போது குறா போடுவதை இரண்டு மாநிலத்து முஸ்லிம்களும் அறிவார்கள். கைலாஷ் மானசரோவர் யாத்திரை ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2025-இல் மீண்டும் தொடங்கியபோது 5,561 பேர் விண்ணப்பித்தார்கள். வெளியுறவுத் துறை கணினிக் குலுக்கலில் 750 பேரைத் தேர்ந்தெடுத்தது. கிடைக்காதவர்களுக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். ஆனால் "என் ஊரில் நெட் மெதுவாக இருந்ததால் எனக்குக் கைலாயம் இல்லை" என்று அவர்களில் யாரும் சொல்லவேண்டி வந்திருக்காது.

குலுக்கலைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துக்கு வேலையாகப் போய்வந்த எங்கள் குழு நண்பர் ஒருவரிடம் கேட்ட கதையில் இருந்து. அங்கே வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்கு அனுமதி உண்டு. வெளிமாநிலத்தார் ஜனவரியில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்களுக்கென்று உள்ள இடங்கள் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டவை. ஜனவரிக்குள் எந்த நாள் விண்ணப்பித்தாலும் ஒன்றுதான். பிறகு குலுக்கல். கிடைக்காதவருக்கு முன்னுரிமைப் புள்ளி ஒன்று சேரும். அடுத்த ஆண்டு புள்ளி கூடியவருக்கு முன்னிடம். ஒரு காலத்தில் வேட்டையாடி வேட்டையாடி அந்தப் பறவையை அங்கே பல மாநிலங்களில் இல்லாமலே ஆக்கியிருந்தார்கள். எண்ணிக்கைக் கட்டுப்பாடும், துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிய 1937-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை மீட்க உதவின. நம் நாட்டில் வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கதவடைத்தது. அது அடைத்தே இருக்க வேண்டும். என்னைக் கவர்ந்தது வேட்டை இல்லை. தோற்றவனையும் கணக்கில் வைத்துக்கொள்கிற அந்தப் புள்ளி. மூன்று ஆண்டு கிடைக்காதவனும் இந்த ஆண்டுதான் கேள்விப்பட்டவனும் ஒன்றில்லை என்று அரசு ஏட்டில் எழுதி வைக்கிறது.

அதே நாட்டில் நான் எடுத்துக்கொள்ள விரும்பாத ஒன்றும் இருக்கிறது. நியூ மெக்சிகோ மாநிலம் பெருவிலங்கு வேட்டை அனுமதியில் 84 சதவீதத்தை உள்மாநிலத்தாருக்கும், 10 சதவீதத்தை வழிகாட்டி நிறுவனங்கள் மூலம் வருபவர்களுக்கும், மீதி 6 சதவீதத்தை மற்ற வெளியாட்களுக்கும் என்று வகுத்திருக்கிறது. வெளிமாநிலத்தாரிடம் பல மாநிலங்கள் பல மடங்கு கட்டணமும் வாங்குகின்றன. பொதிகைக்கும் அப்படி, தமிழ்நாட்டாருக்கு இத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும் என்று என் ஊர் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். இன்றைக்குக் கேரளம் மாநிலம் பார்க்காமல், ஒரே கட்டணத்தில், ஒரே வரிசையில் நம்மை விடுகிறது. அந்தப் பெருந்தன்மையைச் சதவீதமாக மாற்றினால், நாளை அந்தச் சதவீதம் சட்டமன்றத்திலும் மேடையிலும் பேரம் பேசும் பொருளாகும். நதிநீரில் பட்டது போதாதா? வெளியாள் என்ற கோட்டை வெளியாளே போட்டுக்கொள்ளக் கூடாது.

காணிக்காரர் விஷயம் மட்டும் வேறு. அவர்கள் விதுரை, கோட்டூர்ப் பக்கமும் இருக்கிறார்கள், நம் காரையாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழிப் பக்கமும் இருக்கிறார்கள். எல்லைக்கோடு அவர்கள் உறவுக்கு நடுவே பிற்காலத்தில் விழுந்தது. அகத்தியர் அவர்களுக்குக் குலமூத்தவர். மலையின் மீது அவர்களுக்குள்ள வழிபாட்டு உரிமையைக் குடத்துக்குள் போட்டுக் குலுக்க யாருக்கும் தகுதியில்லை. அது நூறுக்கு வெளியே, எண்ணிக்கைக்கு முன்னால் நிற்கவேண்டியது. போணக்காடு எஸ்டேட்டில் தேயிலை பறிக்க நம் பக்கத்தில் இருந்து போன குடும்பங்களின் பிள்ளைகளையும் இங்கே நினைக்கிறேன். எஸ்டேட் நொடித்து, லயங்கள் ஒழுகி, சம்பளம் இல்லாமல் கிடந்தவர்கள். வாசலிலேயே வாழ்கிற அவர்களுக்கு இந்தப் பருவத்தால் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

மற்றவர்களுக்கு நான் கேட்பது இதுதான். டிசம்பரில் இரண்டு வாரம் விண்ணப்பம் வாங்கலாம். முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ஒரே மதிப்பு. இணையத்தில் போட முடியாதவர்கள் கேரளத்தில் அக்ஷயா மையத்திலும், தமிழகத்தில் இ-சேவை மையத்திலும் நிதானமாகப் போடட்டும். ஒரு அடையாள அட்டைக்கு ஒரு ஓலை. பிறகு திருவனந்தபுரத்தில், எல்லோரும் பார்க்க, குலுக்கல். கிடைக்காதவர் பெயருக்கு அடுத்த ஆண்டு ஒரு ஓலை கூடட்டும். ஏறியவர் உத்திரமேரூர்க் கணக்குப்படி மூன்று ஆண்டு ஒதுங்கி நிற்கட்டும். ஒவ்வொரு ஆண்டும் போகிறவர்களை எனக்குத் தெரியும். அன்பினால்தான் போகிறார்கள். ஆனாலும் ஒரு ஜனவரியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதும் அதே அன்பில் அடங்கியதுதான். கடைசி நேரத்தில் வர முடியாதவர்களின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போக வேண்டும்.

வேகமாக வந்து பதிகிறவனுக்குத்தானே உண்மையான ஆர்வம், அதற்குப் பரிசு கிடைக்கட்டுமே என்று என்னோடு வேலை பார்க்கும் ஒரு நண்பர் வாதிட்டார். ஆர்வத்தை அளக்க நொடி முள் உதவாது. மாமா பிரவுசிங் சென்டருக்குக் காலை எட்டரைக்கே போய்விட்டார், கடை திறக்கும் முன்பே. 2,700 ரூபாய் கட்ட முடியாதவனுக்குக் குலுக்கலால் என்ன பயன் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. நாளொன்றுக்கு ஐந்து இடமாவது குறைந்த கட்டணத்தில் வைத்தால் நல்லது.

இரண்டு மாநிலம் சேர்ந்து ஒரு மலையை நடத்த முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மங்கலதேவிக்குப் போய்ப் பார்க்கலாம். கூடலூருக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கண்ணகி கோட்டம். யாருடையது என்ற வழக்கு தீரவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமிக்கு முன் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, எத்தனை மணிக்குத் திறப்பது, யார் தண்ணீர் வைப்பது என்று பேசி முடிக்கிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் குமுளியில் இருந்து ஜீப்பிலும் பளியங்குடியில் இருந்து நடந்தும் மக்கள் ஒரே சன்னதிக்கு வந்து சேர்கிறார்கள். 2001-இல் அறிவித்து 2016-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 3,500 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதிப் பாதி இரண்டு மாநிலத்திலும் கிடக்கிறது. தாளில் ஒன்றாக இருப்பதை ஜனவரியில் ஒரு மேசையில் ஒன்றாக்க முடியும். தமிழக வனத்துறை கேட்கவேண்டியது பங்கு இல்லை; வேலை. குலுக்கல் நடத்தும் செலவில் பாதி, தமிழில் அறிவிப்பு, போணக்காட்டு முகாமுக்குப் பருவம் முழுவதும் நான்கு காவலர்கள். இவ்வளவு செய்தால் நம் பங்கு தானே வரும்.

பிப்ரவரியில் ஏறினேன். கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று நீரோடைகளைக் கடந்து, புல்வெளியில் வெயில் சுட, ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று மூச்சு வாங்கும் ஏற்றங்கள். நம் பக்கம் தேரி என்றால் திசையன்விளைச் செம்மணல். அங்கே தேரி என்றால் முழங்கால் நெஞ்சில் இடிக்கிற மேடு. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த காணிக்கார இளைஞர் தமிழும் மலையாளமும் இல்லாத, இரண்டுமாக இருக்கிற ஒரு பேச்சில் வழியெல்லாம் செடிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதிருமலையில் இரவு. மறுநாள் பொங்கலப்பாறையில் எல்லைக்கல்லை ஒட்டி நடந்து, கயிறு பிடித்துப் பாறை ஏறி, உச்சியில் அகத்தியர் சிலை முன்னால் நின்றபோது மணி பதினொன்று. காற்று ஆளைத் தள்ளியது. கிழக்கே மேகம் பத்து நிமிடம் மூடியிருந்து, ஒரு கணம் கிழிந்து, கீழே அணை நீர் ஒரு துண்டு மின்னி மறைந்தது.

போணக்காட்டில் இறங்கி, விதுரைக்கு வந்த பிறகுதான் போனில் சிக்னல் கிடைத்தது. மாமாவைக் கூப்பிட்டேன். கால் வலிக்குதா, அட்டை கடிச்சுதா என்று எதுவும் கேட்கவில்லை.

"நம்ம பக்கம் தெரிஞ்சுதால?" என்றார்.

"தெரிஞ்சுது மாமா. தண்ணி தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அடுத்த வருசம் எந்த மாசம் போடணும்னு முன்னாலயே சொல்லு, நான் ஆதார் நம்பரெல்லாம் எழுதித் தாரேன்" என்றார்.